சோத்துக் கஞ்சியை வடிச்சு சிங்க்ல ஊத்துறீங்களா? கூடவே என்னவெல்லாம் போகுதுன்னு தெரிஞ்சுக்கோங்க!

பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்ட அன்னிக்கு சிறுநீர் பளீர் மஞ்சளாகப் போவதைப் பார்த்து நீங்க பதறியிருக்கலாம். 'காமாலையா இருக்குமோ' என்று அவசரமாக கூகுளில் தேடியும் இருக்கலாம். பயம் வேண்டாம். அது ரிபோஃப்ளேவின் எனப்படும் வைட்டமின் பி2. அதன் இயல்பான நிறமே மஞ்சள்தான். உடம்பு தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் தண்ணீரோடு வெளியே அனுப்பிவிட்டது, அவ்வளவுதான்.

இந்த 'தண்ணீரோடு' என்ற வார்த்தையைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நம்ம வீட்டுச் சோத்துப் பானையில் நடப்பதும் இதேதான். தண்ணீரில் கரையும் வைட்டமின், தண்ணீர் போகும் இடத்துக்கெல்லாம் போகும். அது உடம்புக்குள் வந்தால் லாபம், சிங்க்குக்குள் போனால் நஷ்டம்.

இதைப் புரிந்துகொள்ள லால்குடியை விட நல்ல இடம் கிடைக்காது. திருச்சியிலிருந்து காவிரியையும் கொள்ளிடத்தையும் தாண்டி 20 கிலோமீட்டர் போனால் லால்குடி. பெருவளை வாய்க்கால், அய்யன் வாய்க்கால் பாயும் நெல் பூமி. பக்கத்திலேயே மணச்சநல்லூர். பொன்னி அரிசிக்கும் ரைஸ் மில்லுக்கும் பேர்போன ஊர். இங்கே நெல் ஊறுவது, அவிவது, அரைபடுவது, பிறகு அடுப்பில் சோறாவது என ஒவ்வொரு கட்டத்திலும் வைட்டமின்களின் தலையெழுத்து மாறுகிறது.

யார் யார் இந்தக் கூட்டத்தில்?

வைட்டமின்களில் இரண்டு கட்சி. ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. உடம்பு இவற்றைக் கல்லீரலிலும் கொழுப்பிலும் சேமித்து வைக்கும். மற்ற ஒன்பதும் தண்ணீர்க் கட்சி. வைட்டமின் சி ஒன்று, பி குடும்பத்தில் எட்டு: பி1 தயமின், பி2 ரிபோஃப்ளேவின், பி3 நியாசின், பி5 பாண்டோதெனிக் அமிலம், பி6 பைரிடாக்சின், பி7 பயோட்டின், பி9 ஃபோலேட், பி12 கோபாலமின்.

தண்ணீர்க் கட்சிக்குப் பெரிய சேமிப்புக் கணக்கு கிடையாது. உதாரணத்துக்கு, நம் உடம்பு முழுவதிலும் இருக்கும் பி1 மொத்தமே 30 மில்லிகிராமுக்குள்தான். புதிதாக வரவில்லை என்றால் இரண்டு மூன்று வாரத்தில் கையிருப்பு காலி. அதனால்தான் இவை அனேகமாக தினமும் சாப்பாட்டில் வேண்டும். இதில் ஒரே விதிவிலக்கு பி12. அது தண்ணீரில் கரைந்தாலும் கல்லீரலில் வருடக்கணக்கில் தங்கும். அதனால் வரும் வில்லங்கத்தைப் பிறகு பார்ப்போம்.

மில்லுக்கு மோட்டார், மோட்டாருக்கு சாவி

வைட்டமின் சாப்பிட்டால் 'சத்து வரும், எனர்ஜி வரும்' என்று விளம்பரம் சொல்லும். உண்மையில் வைட்டமினில் எனர்ஜி கிடையாது. எனர்ஜி சோத்தில் இருக்கிறது. அந்தச் சோத்தை எரித்து எனர்ஜியாக்கும் இயந்திரங்கள்தான் என்ஸைம்கள். பல என்ஸைம்கள் தனியாக ஓடாது, ஸ்டார்ட் பண்ண ஒரு சாவி வேண்டும். பி வைட்டமின்கள்தான் அந்தச் சாவிகள். இவற்றுக்கு கோ-என்ஸைம் என்று பெயர்.

நீங்க ஒரு கவளம் சோறு சாப்பிடுறீங்க. அதிலுள்ள மாவுச்சத்து குளுக்கோஸ் ஆகிறது. செல்லுக்குள் குளுக்கோஸ் உடைந்து பைருவேட் ஆகிறது. இதுவரைக்கும் கிடைத்த எனர்ஜி கொஞ்சம்தான். பைருவேட், செல்லின் பவர் ஹவுஸான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் அடுத்த கட்டத்துக்கு மாறினால்தான் மொத்த எனர்ஜியும் கிடைக்கும். அந்த மாற்றத்தைச் செய்யும் என்ஸைமுக்கு பி1, பி2, பி3, பி5 நான்கும் தேவை. பி1 மட்டும் இல்லாமல் போனாலே வேலை நின்றுவிடும். பைருவேட் தேங்கும், லாக்டிக் அமிலமாக மாறும்.

இதில் முதலில் அடிவாங்குவது குளுக்கோஸையே நம்பியிருக்கும் நரம்புகளும், ஒரு நொடிகூட ஓய்வெடுக்க முடியாத இதயமும்தான். கால் மரத்துப்போகும், நடை தளரும். சிலருக்குக் கால் வீங்கி, மூச்சு வாங்கி, இதயம் திணறும். இதுதான் பெரிபெரி. வயிறு நிறைய சோறு சாப்பிட்டுக்கொண்டே வரும் நோய். சோறு அதிகமாக அதிகமாக அதை எரிக்க பி1-ம் அதிகம் வேண்டும் என்பதுதான் இதில் கொடுமை.

கோழி சொன்ன பாடம், குன்னூர் கண்ட உண்மை

1890-களில் ஜாவா தீவில் கிறிஸ்டியான் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர், ஆய்வகக் கோழிகள் பெரிபெரி மாதிரியே கால் தள்ளாடி விழுவதைப் பார்த்தார். அவை தின்றது தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு. தீட்டாத அரிசி கொடுத்ததும் எழுந்து நடந்தன. தவிட்டில் ஏதோ இருக்கிறது என்பது புரிந்தது. 1912-ல் கசிமிர் ஃபங்க் அந்த 'ஏதோ' ஒன்றுக்கும் அதன் உறவுகளுக்கும் வைத்த பெயர்தான் வைட்டமின். 1936-ல் தயமினை ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கிக் காட்டினார் அமெரிக்கரான ராபர்ட் ஆர். வில்லியம்ஸ். அவர் பிறந்தது எங்கே தெரியுமா? அன்றைய சென்னை மாகாணத்தில், நெல்லூரில்!

அதே சென்னை மாகாணத்தில் ஒரு புதிர் இருந்தது. வடக்கே, இன்றைய ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி பரவலாக இருந்தது. தெற்கே தமிழ் மாவட்டங்களில் மக்கள் அதே அளவுக்கு அரிசியை நம்பி வாழ்ந்தும் அந்த நோய் அரிது. மில் அரிசி இங்கேயும் உண்டு, வறுமையும் உண்டு. பிறகு ஏன்?

1918-ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். பின்னாளில் ஹைதராபாத்துக்கு இடம்மாறி தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது அந்த ஆராய்ச்சிக்கூடம்தான். அவருக்குப் பின் அங்கே இயக்குநராக வந்த அய்க்ராய்டும் அவர் குழுவினரும் அரிசியைப் பற்றி 1940-ல் விரிவான அறிக்கை வெளியிட்டார்கள். புதிருக்கு விடை எளிமையானது. வடக்கே சாப்பிட்டது மில்லில் தீட்டிய பச்சரிசி. தெற்கே சாப்பிட்டது புழுங்கல் அரிசி.

புழுங்கலுக்குள் இருக்கும் கெமிஸ்ட்ரி

நெல்லை ஊறவைக்கிறோம், அவிக்கிறோம், காயவைக்கிறோம், அதற்குப் பிறகுதான் அரைக்கிறோம். ஊறும்போது உமியைத் தாண்டி உள்ளே போகும் தண்ணீர், தவிட்டிலும் முளைப்பகுதியிலும் உள்ள பி வைட்டமின்களைக் கரைக்கிறது. அவிக்கும் சூட்டில் அவை அரிசியின் உள்பக்கம் இறங்குகின்றன. மாவுச்சத்து வெந்து, இறுகி, அவற்றை உள்ளேயே பிடித்துக்கொள்கிறது. பிறகு மில் தவிட்டைச் சீவினாலும் பி வைட்டமின்களில் கணிசமான பங்கு அரிசியில் தங்கிவிடும்.

பச்சரிசிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. தவிடு போகும்போது அதன் பி1-ல் பெரும்பகுதி கூடவே போய்விடும். மிச்சமிருப்பதும் மேல்பரப்பில் இருப்பதால் கழுவும் தண்ணீரில் சுலபமாகக் கரையும்.

ஆக, தண்ணீரில் கரையும் அந்த ஒரே குணம்தான் புழுங்கலில் வைட்டமினைக் காப்பாற்றுகிறது, வடிக்கும்போது அதையே பறிகொடுக்கவும் வைக்கிறது. வைட்டமின் பெயர்கூடத் தெரியாத காலத்தில், நெல் அவித்த நம்ம ஊர் அண்டாக்கள் பல தலைமுறைக்கு நரம்பையும் இதயத்தையும் காத்திருக்கின்றன.

அப்போ வடிகஞ்சி?

புழுங்கல் காப்பாற்றிக் கொடுத்ததை நாம் வடிகட்டியில் விட்டுவிடுகிறோம். நிறைய தண்ணீர் வைத்துச் சோறு வடித்தால், கரைந்த பி1, பி3, ஃபோலேட்டில் ஒரு பங்கு கஞ்சியோடு போகும். நம்ம பாட்டிமார்கள் அந்தக் கஞ்சியை உப்புப் போட்டுக் குடித்தார்கள், இல்லையென்றால் மாட்டுக்கு வைத்தார்கள். மீந்த சோத்தில் தண்ணீர் ஊற்றி, காலையில் நீராகாரத்தோடு சாப்பிட்டார்கள். கரைந்தது எதுவும் வீணாகவில்லை. இன்று ஹாஸ்டலிலும் பேச்சிலர் ரூமிலும் அது நேராக சாக்கடைக்குப் போகிறது.

இதற்காக வாழ்க்கையையே மாற்ற வேண்டியதில்லை. இவ்வளவு செய்தால் போதும்:

- அரிசியை ஒன்று அல்லது இரண்டு முறை கழுவினால் போதும். பச்சரிசியைத் தேய்த்துத் தேய்த்து ஐந்து தண்ணீர் மாற்ற வேண்டாம்.
- குக்கரிலோ பானையிலோ அளவான தண்ணீர் வைத்து, வடிக்காமல் பொங்கிவிடுங்கள். வடித்தே ஆகவேண்டும் என்றால் கஞ்சியை ரசத்திலோ குழம்பிலோ சேருங்கள்.
- பருப்பு சீக்கிரம் வேகட்டும் என்று சோடா உப்பு போடாதீர்கள். காரத்தன்மையில் பி1 சிதைந்துவிடும்.
- காய்கறியை நறுக்கிவிட்டுக் கழுவாதீர்கள், கழுவிவிட்டு நறுக்குங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் சோத்தின் அளவையும் கஞ்சியையும் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யட்டும்.

'இப்பல்லாம் யாருக்குப் பெரிபெரி வருது' என்று கேட்கலாம். அரிதுதான். ஆனால் தினமும் குடிப்பவர்களுக்கு பி1 குடலில் சரியாக உறிஞ்சப்படாது. மூளை வரை பாதிக்கும் வெர்னிக்கி நோய் அப்படித்தான் வருகிறது. கர்ப்ப காலத்தில் வாரக்கணக்கில் விடாமல் வாந்தி எடுப்பவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு.

வாய் ஓர வெடிப்பு முதல் ஜிம் முட்டை வரை

மற்ற சாவிகளையும் சட்டென்று பார்த்துவிடலாம்.

பி2 குறைந்தால் வாயின் இரு ஓரமும் வெடிக்கும், நாக்கு சிவந்து எரியும். பாலில் இது நிறைய உண்டு. வெளிச்சம் பட்டால் சிதையும் என்பதால் பாலை வெயிலில் வைக்கக் கூடாது. ஆனால் வாய் ஓர வெடிப்பு இரும்புச்சத்துக் குறைவாலும் பூஞ்சைத் தொற்றாலும்கூட வரலாம்.

பி3 குறைந்தால் பெலக்ரா. வெயில் படும் தோல் கருத்து உரியும், பேதி வரும், மனம் குழம்பும். மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த நாடுகளில் இது ஆயிரக்கணக்கானோரைக் கொன்றிருக்கிறது. தக்காணத்தில் சோளம் சாப்பிடும் ஏழை மக்களிடமும் இது இருந்தது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி.கோபாலனும் எஸ்.ஜி.ஸ்ரீகாந்தியாவும் 1960-ல், சோளத்தில் அதிகமாக உள்ள லூசின் என்ற அமினோ அமிலம் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். அது பல வருடம் விவாதிக்கப்பட்டது. அதற்காகச் சோளத்தை ஒதுக்க வேண்டாம். ஒரே தானியத்தை மட்டும் நம்பி வாழ்ந்ததுதான் பிரச்னை. பருப்பு, பால், முட்டை, வேர்க்கடலை சேர்ந்தால் பயமில்லை.

பி6 மூளையின் ரசாயனத் தூதுவர்களைத் தயாரிக்கத் தேவை. டி.பி-க்கான ஐசோனியாசிட் மாத்திரை இதைக் குறைக்கும். அதனால்தான் டாக்டர்கள் கூடவே பி6 கொடுக்கிறார்கள். அந்தச் சின்ன மாத்திரையை 'வைட்டமின்தானே' என்று விட்டுவிடாதீர்கள்.

பி7 என்ற பயோட்டின் குறைபாடு அபூர்வம். ஆனால் தினமும் பச்சை முட்டை குடிக்கும் ஜிம் நண்பர்கள் கவனிக்க: வெள்ளைக் கருவிலுள்ள அவிடின் என்ற புரதம் பயோட்டினை இறுகப் பிடித்துக்கொள்ளும். வேகவைத்தால் அதன் பிடி விட்டுவிடும். முடி வளர பயோட்டின் மாத்திரை போடுபவர்கள் ரத்தப் பரிசோதனைக்கு முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சில தைராய்டு, இதயப் பரிசோதனைகளின் முடிவையே அது மாற்றிக் காட்டும்.

வைட்டமின் சி இல்லாமல் கொலாஜன் என்ற புரதக் கயிறு முறுக்கேறாது. ஈறில் ரத்தம் கசியும், காயம் ஆறாது. இதுதான் ஸ்கர்வி. ஆடும் மாடும் வைட்டமின் சி-யைத் தாங்களே தயாரித்துக்கொள்ளும். நமக்கு அதற்கான ஜீன் பழுதாகிவிட்டது. அதனால் நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சையைத் தேடிப் போகவேண்டியிருக்கிறது. கீரையோடு எலுமிச்சை பிழிந்தால் கீரையின் இரும்புச்சத்தும் நன்றாகச் சேரும்.

இரண்டு பேர், ஒரே வேலை

இன்று உங்கள் வயதினர் அதிகம் கவனிக்க வேண்டியவை ஃபோலேட்டும் பி12-ம்.

1920-களின் இறுதியில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், பம்பாயில் கர்ப்பிணிகளுக்கு வந்த ஒருவகை ரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். ஈஸ்ட் சத்து கொடுத்ததும் அந்தப் பெண்கள் தேறினார்கள். அதிலிருந்த மருந்துதான் பிறகு ஃபோலேட் என்று தெரியவந்தது. அதைச் செயற்கையாகத் தயாரித்த அமெரிக்க லெடர்லி ஆய்வகக் குழுவை வழிநடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ். சத்து உடம்பில் ஒட்டாமல் போகும் 'ஸ்ப்ரூ' என்ற குடல் நோயில் சகோதரர்களைப் பறிகொடுத்தவர், அதே நோயிலிருந்து தானும் தப்பியவர். அந்த நோய்க்கான மருந்துகளில் ஒன்று ஃபோலிக் அமிலம்!

புதிய செல் உருவாக டி.என்.ஏ எழுதப்பட வேண்டும். அதற்கு ஃபோலேட் வேண்டும். ஆனால் வேலை முடிந்த ஃபோலேட்டை மறுபடி வேலைக்குத் தயாராக்க பி12 வேண்டும். பி12 இல்லையென்றால் உடம்பில் ஃபோலேட் இருந்தும் அது பூட்டிக் கிடக்கும். இரண்டில் எது குறைந்தாலும் ரத்த அணுக்கள் பெரிதாகி, எண்ணிக்கை குறைந்து, ஒரேவிதமான ரத்தசோகை வரும்.

இங்கேதான் வில்லங்கம். பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தசோகை சரியாகிவிடும், ரிப்போர்ட் அழகாக இருக்கும். ஆனால் நரம்பைப் பாதுகாக்கும் உறை தேய்ந்துகொண்டே போகும். கை கால் ஊசி குத்துவது போல மதமதப்பு, தள்ளாட்டம், மறதி, காரணமில்லாத சோர்வு எல்லாம் அதன் அறிகுறிகள். தாமதித்தால் நரம்புச் சேதம் முழுதாகத் திரும்பாமலும் போகலாம். கல்லீரலில் பல வருடச் சேமிப்பு இருப்பதால், குறைபாடு வருவதே தெரியாது.

பி12-ஐத் தயாரிப்பவை நுண்ணுயிரிகள் மட்டுமே. நமக்கு அது பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி வழியாக வருகிறது. 'பழைய சோத்துல பி12 கொட்டிக் கிடக்கு' என்ற வாட்ஸ்அப் ஃபார்வர்டை நம்பி இருக்காதீர்கள். பழைய சோறு நல்லதுதான், ஆனால் அதை பி12 கணக்கில் எழுத முடியாது. வீகன் ஆனவர்கள், பாலும் குறைவாகக் குடிக்கும் சைவர்கள், மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் போடுபவர்கள் ஒருமுறை பி12 அளவைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. வீட்டில் அப்பா சுகருக்கு மாத்திரை போடுகிறாரா? 'கால் மதமதன்னு இருக்குடா' என்கிறாரா? அது சுகரால் மட்டும்தான் என்று விட்டுவிடாதீர்கள்.

பெண்களுக்கு இன்னொரு விஷயம். கருவில் குழந்தையின் தண்டுவடக் குழாய் மூடுவது முதல் 28 நாளுக்குள். பல பெண்களுக்குக் கர்ப்பம் என்று தெரிவதற்கு முன்பே அந்தக் கட்டம் முடிந்துவிடும். அதனால்தான் குழந்தைக்குத் திட்டமிடும்போதே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் தொடங்கச் சொல்கிறார்கள். பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுத்த நீல மாத்திரை ஞாபகம் இருக்கா? நீங்க பெஞ்சுக்கு அடியில் போட்ட அதில் இரும்புச்சத்தோடு ஃபோலிக் அமிலமும் இருந்தது.

ரேஷன் அரிசியில் மிதக்கும் 'பிளாஸ்டிக்'

மறுபடி திருச்சி மாவட்டத்துக்கே வருவோம். தமிழ்நாட்டில் ரேஷன் கடை வழியாகச் செறிவூட்டப்பட்ட அரிசி கொடுக்கும் முன்னோட்டத் திட்டத்துக்கு 2020-ல் தேர்வானது திருச்சி மாவட்டம்தான். அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றையும் பிசைந்து, அரிசி வடிவத்திலேயே அழுத்தி எடுக்கிறார்கள். 100 கிலோ சாதாரண அரிசிக்கு ஒரு கிலோ இந்த மணிகள்.

அந்த மணிகள் கொஞ்சம் நிறம் மாறித் தெரியும், சில நேரம் தண்ணீரில் மிதக்கும். உடனே 'பிளாஸ்டிக் அரிசி' என்று வீடியோ கிளம்பும். அம்மா அதைப் பொறுக்கி எறிவார். எறிந்தது பிளாஸ்டிக் அல்ல, மொத்தச் செறிவூட்டலும் அந்த மணிகளுக்குள்தான் இருக்கிறது.

அதே நேரம் அதை மட்டும் நம்பவும் முடியாது. விதிப்படி ஒரு கிலோ செறிவூட்டிய அரிசியில் பி12 இருப்பது 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம். நாளைக்கு 300 கிராம் அரிசி சாப்பிட்டாலும் கிடைப்பது 0.4-ஐத் தாண்டாது. நமக்குத் தேவை இரண்டுக்கு மேல். மீதி தயிரிலிருந்தோ முட்டையிலிருந்தோ மீனிலிருந்தோ வரவேண்டும். தலசீமியா போன்ற ரத்த நோய் உள்ளவர்கள் இதிலுள்ள இரும்புச்சத்து பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் அந்த மணிகளைப் பொறுக்காமல், அதிகம் கழுவாமல், வடிக்காமல் சமைத்தால் போதும்.

கை கால் மதமதப்பு, ஆறாத வாய்ப்புண், விடாத சோர்வு இரண்டு வாரத்தைத் தாண்டினால் மெடிக்கல் ஷாப்பில் நீங்களே பி-காம்ப்ளெக்ஸ் வாங்கிப் போட்டு ஒப்பேற்றாதீர்கள். முதலில் டாக்டரைப் பாருங்கள். குறைவது எந்தச் சாவி என்று தெரிந்தால்தான் சரியான மருந்து கொடுக்க முடியும்.

இன்னிக்கு ராத்திரி வீட்டில் சோறு வடிக்கும்போது பக்கத்தில் நின்று, 'அந்தக் கஞ்சியைக் கொஞ்சம் எடுத்து வைம்மா' என்று கேட்டுப் பாருங்கள். உப்பும் இரண்டு சின்ன வெங்காயமும் போதும்.